சவலைகளுக்குப் பொரி

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து பிசுபிசு மழை. சிட்லபாக்கம் ஏரிக்கரைச் சாலை முழுக்கச் சேறு. செருப்பு வார் அறுந்தது. லேபுக்கு லேட்.

எலிகள் நலம். எல்லாவற்றிலும் மனிதப் புற்றுக்கட்டி பிடித்துவிட்டது. இன்று முதல் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். மாதக் கடைசி வரை உயிரோடு இருந்தால் போதும். மருந்து பலிக்கிறதா என்று தெரிந்துவிடும், என் பிஎச்.டி.யும் முடியும். இல்லாவிட்டால்? ஃபெலோஷிப் டிசம்பரோடு சரி. வெளிநாட்டிலிருந்து இன்னொரு தடவை எலி வராது என்று கைடு சார் அடித்துச் சொல்லிவிட்டார்.

எதிர்ப்பு சக்திக்கான மரபணுவையே நீக்கிப் பிறக்கவைத்த ஜீவன்கள். நமக்குத் தும்மலோடு போவது இவற்றுக்கு எமன். தீனி, தண்ணீர், படுக்கிற உமிகூட நீராவியில் வெந்த பிறகுதான் உள்ளே போகும். கோவளம் குப்பத்திலிருந்து பஸ் மாறி வந்து இவற்றைப் பார்த்துக்கொள்கிற மல்லிகா அக்கா வைத்த பெயர், சவலை. "சவலைங்க இன்னிக்கு நல்லா துன்னுதுங்கம்மா."

அக். 7, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை லீவு. அதனால் லேபில் பூஜை இன்றே. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், ஃப்ரிட்ஜுக்கு மாலை. கைடு சார் கற்பூரத் தட்டோடு எலி அறைப் பக்கம் நடந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"சார், உள்ள வேண்டாம் சார். பூ, புகை எதுவும் ஆகாது."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"நீ வேதக்காரப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லன்னு தெரியும் ஸ்டெல்லா. சரி, வாசலோட நிறுத்திக்கறேன்."

நான் சொன்னது கிருமி. அவர் காதில் விழுந்தது கிறிஸ்தவம். சே!

பொரி, கடலை கொடுத்தார்கள். படைத்ததை அம்மா தொடமாட்டாள். பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன்.

அக். 10, வெள்ளி

லீவு முடிந்து போனால், ஒவ்வொரு கூண்டின் மேலும் சந்தனம், குங்குமம். உமிக்குள் பொரி.

"யாருக்கா போட்டது?"

"நான்தாம்மா. பூஜ அன்னிக்கு ஊரே துன்னுது, இந்த சவலைங்க மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? கிளவுஸ் போட்டுகினுதாம்மா வெச்சேன். மாஸ்க்கும் கட்டிகினேன்."

கிளவுஸ்! நான்தான் சொல்லிக்கொடுத்தேன், வெறுங்கையால் எதையும் தொடாதே என்று. கத்த வேண்டும்போல இருந்தது. கூண்டு முழுக்க மாற்றினோம்.

அக். 15, புதன்

முதுகு கூனி, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. தண்ணீரில் ஆண்டிபயாட்டிக். மூன்று செத்துவிட்டன. மத்தியானம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் இரைச்சல், தலைவலி.

வீட்டில் முழங்கால் போட்டேன். அம்மா: "எலிக்கெல்லாம் போய் ஜெபமாடி?"

"எனக்குத்தாம்மா."

அக். 17, வெள்ளி

இன்னும் சாவு. பக்கத்து அறைக்குப் பரவும் முன் மிச்சத்தையும் முடித்துவிடச் சொன்னார் சார். பிறகு குரலைத் தாழ்த்தி:

"மேல கேட்டா கரண்ட் கட்டுன்னு சொல்லிடலாம். பூஜைன்னு நீ சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்மா. புரியுதில்ல?"

நன்றாகப் புரிகிறது. உண்மையைச் சொன்னால் நான் வேதக்காரி. ம. அக்காவுக்கு வேலையும் போகும். சரி சார் என்றேன். வேறென்ன சொல்ல?

குடை பஸ்ஸில் போயிற்று.

அக். 18, சனி

மிச்ச எலிகளையும் பெட்டியில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி முடித்தேன். ம. அக்கா வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"எம்மேல கோவமாம்மா?"

"இல்லக்கா." பொய்.

சும்மா தூக்கிப்போட மனசு வரவில்லை. கட்டிகளை அறுத்தெடுத்து வரிசையாக வைத்தேன். உப்புநீர் எலிகளில் கொட்டைப்பாக்கு அளவு. மருந்து எலிகளில் கடுகு. சிலவற்றில் தேடியும் கிடைக்கவில்லை.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நோய் வந்த எலிம்மா. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

மருந்து பலித்திருக்கிறது. ஐயோ, பலித்திருக்கிறது! எரிக்க அனுப்புகிற லேப் கழிவுக்கான மஞ்சள் பையில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினேன்.