தம்பியின் கிட்டாரை விற்றுவிட்டேன்

என் செல்லத் தம்பி சேகருக்கு,

கோபப்படாமல் கேள். உன் கிட்டாரை விற்றுவிட்டேன். நீ சொன்னபடிதான், ஆனால் இரண்டு வருஷம் தாமதமாக.

மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது என்ன சொன்னாய்? "வாசிக்கிறவங்களுக்கே வித்துடுக்கா. பொட்டில வச்சிப் பூட்டிக்கினு இருக்காத." நீ போனபிறகு நான் பூட்டித்தான் வைத்தேன். உன் வேட்டியில் சுற்றி, வசம்பு போட்டு, மாதம் ஒருமுறை பட்டுப்புடவைகளோடு நிழலில் காற்றாட வைத்தேன். மாகறல் கல்யாணக் கச்சேரிக்கு அதை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனாயே, அன்றைய பளபளப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். உன் கை பட்டது வேறு என்னடா இருக்கிறது எனக்கு?

போன மாதம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு டீக்கடையில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன்: பழைய கிட்டார், மிக நல்ல நிலையில். முதலில் போட்டோ ஸ்டுடியோக்காரர் வந்தார். புது மாப்பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு போஸ் கொடுக்க வேண்டுமாம்! "வாசிக்கவே வேணாம்மா, பாக்க பளபளன்னு இருக்குது, அது போதும்" என்றார். விலையும் நன்றாகவே சொன்னார். வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

அப்புறம் பஷீர் பாய் வந்தார். தையல்காரர், கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பவர். ஆசையாக மடியில் வைத்து ஒருதரம் மீட்டினார். முகம் கோணிப்போயிற்று.

"இன்னாம்மா இது? கழுத்த நெரிச்ச மாதிரி கத்துது?"

"கம்பியெல்லாம் தொங்கிக்கினு இருந்துது பாய். தறியில பாவு இழை தொய்ஞ்சா சும்மா வுடுவோமா? விரல் வச்சிப் பாத்து, ஆறையும் ஒரே இறுக்கமா முறுக்கி வச்சேன்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறியே நின்றுவிட்டது. "ஒவ்வொன்னுக்கும் ஒரு இறுக்கம்மா! இத்தினி நாளா இது எப்பிடித்தான் தாங்குச்சோ!"

அவர் சொன்னது கிட்டாரைத்தான். எனக்குத்தான் உன்னைச் சொன்ன மாதிரி இருந்தது.

உன்னையும் நான் அப்படித்தானே முறுக்கினேன், தம்பி? தெருவில் எல்லாரும் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள், நீ மட்டும் ஏன் கிட்டாரும் கையுமாகத் திரிகிறாய் என்று தினமும் ஒரு சண்டை. நீ மாடியில் வாசிக்கும்போதெல்லாம் கீழேயிருந்து கத்துவேன். ஒருநாளாவது ஏறி வந்து கேட்டேனா? தப்புதான். மன்னித்துவிடு.

பாய் ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி, முறுக்கி, காது வைத்துக் கேட்டு, பிறகு வாசித்தார். நல்லாத்தான் இருந்ததடா. அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டேன். ஸ்டுடியோக்காரர் சொன்னதைவிடக் குறைவுதான். வேட்டியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூரத்தில் ஒரு கல்யாணம். பாய் உன் கிட்டாரை அங்கே வாசிக்கிறார். தறியை நிறுத்திவிட்டுப் போகப்போகிறேன். முதல் வரிசையில் உட்காருவேன். கடைசிப் பாட்டு முடியும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னைத் திட்டிக்கொண்டே இருந்த,
உன் அக்கா சரோஜா