அட்லஸ் மலை ஏறிய போர்த்வெரன் உறுப்பினர்

போர்த்வெரன், கார்ன்வால்
1881 ஜனவரி 17

அன்புள்ள ஹியூபர்ட்டுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு என்றைக்கு உடம்பு கெட்டது? கெடுவதெல்லாம் என் பொறுமைதான்.

கிறிஸ்துமஸுக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் மொரோக்கோவுக்குக் கப்பல் ஏறினீர்கள். கடைசியில் நானும் உங்கள் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து வாத்தைத் தின்று தீர்த்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் அவர், "எம் புள்ள இருந்திருந்தா இந்தக் காலை அவனுக்குத்தான் வச்சிருப்பேன்" என்றார். எனக்குக் கழுத்துத்தான் கிடைத்தது.

துறைமுக மசோதா மார்ச் நடுவில் ஓட்டெடுப்புக்கு வருகிறது. அலைத்தடுப்புச் சுவர் கட்டித் தருவேன் என்று மீன் பீப்பாய்மேல் ஏறி நின்று வாக்குக் கொடுத்தவர் நீங்கள். பக்கத்தில் நின்று கைதட்டியவள் நான். இப்போது மீன்காரி கெஸையா சமையலறை வாசலில் மத்தியைக் கொட்டிவிட்டுக் கேட்கிறாள்: "ஏம்மா, நம்ம எம்.பி. துரை எந்த மலையில குந்தியிருக்காரு? இங்க காத்து கொஞ்சம் தெக்க திரும்பினா எம் புருஷன் உசுரக் கையில புடிச்சிக்கிட்டில்ல கரைக்கு வர்றான்!"

நான் என்ன பதில் சொல்ல? கப்பல் ஏறுங்கள்.

உங்கள்,
ஜார்ஜியானா

மரகேஷ்
பிப்ரவரி 9

என் கண்ணே ஜார்ஜி,

திட்டுவதைக்கூட உன்னைப்போல் அழகாகத் திட்ட யாரால் முடியும்? பாராளுமன்றத்தில் நீ உட்கார வேண்டியவள்.

ஒரே ஒரு கணவாய்தான் பாக்கி. நம் ஆட்கள் ஒருவரும் தாண்டாதது. என் கோவேறு கழுதைக்காரன் ஹம்மு முரண்டு பிடிக்கிறான். "துரை, மேல பனி உருகல. மலை எங்கயும் ஓடிப்போகாது. ஊருக்குப் போயி பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டு வெயில் காலத்துல வாங்க" என்கிறான். நீ சொல்லிக் கொடுத்தாயோ?

மார்ச் தொடக்கத்தில் மொகடோரில் கப்பல் ஏறிவிடுவேன். ஓட்டெடுப்புக்கு முன்பே வந்துவிடுவேன், சத்தியமாக. கணவாய்க்கு உன் பெயரைத்தான் வைக்கப்போகிறேன்.

உன் அன்பன்,
ஹியூபர்ட்

போர்த்வெரன்
பிப்ரவரி 26

அன்புள்ள ஹியூபர்ட்டுக்கு,

எனக்குக் கணவாய் வேண்டாம். கணவர் வந்தால் போதும்.

கட்சிச் செயலாளர் வந்திருந்தார். "ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குது லேடி டால்மெய்ன். சர் ஹியூபர்ட் வந்து ஒக்காந்தாலே போதும், பேசக்கூட வேணாம்" என்றார். பேசாமல் உட்கார உங்களால் முடியாது என்பதால் பேச்சையும் நானே எழுதி லண்டன் வீட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். நடுவில் மலையைப் பற்றி எதையும் சேர்க்காமல் வாசியுங்கள்.

ஜார்ஜியானா

அட்லஸ் மலையடிவாரம்
மார்ச் 19

என் ஜார்ஜி,

தாண்டிவிட்டேன்! உச்சியில் நின்றபோது ஒரு பக்கம் பனி, மறுபக்கம் பாலைவனம். அழுதுவிட்டேன். பின்னால் வழி மூடிக்கொண்டதால் கப்பல் தவறிவிட்டது. கோபப்படாதே. மசோதா எப்படியும் நிறைவேறியிருக்கும். இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தொடரில் பார்த்துக்கொள்ளலாம். கடல் அங்கேதானே இருக்கப்போகிறது?

ஹியூபர்ட்

போர்த்வெரன்
ஏப்ரல் 14

ஹியூபர்ட்டுக்கு,

ஓட்டுகள் சமமாக விழுந்தன. சபாநாயகர் தம் ஓட்டை எதிராகப் போட்டார். மசோதா தோற்றது. பாராளுமன்றத்தில் பெண்கள் மாடத்தின் கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து உங்கள் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் தெற்குக் காற்று அடித்தது. கெஸையாவின் புருஷன் பாஸ்கோவின் படகு துறை வாயிலில், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறையில் மோதியது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். கெஸையா கூப்பிட்டாள். ஒருவரும் கரை சேரவில்லை.

அவளைப் பார்க்கப் போனேன். அடித்து விரட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "ஒங்கமேல வருத்தமில்லம்மா. ஒங்களுக்குத்தான் ஓட்டு இல்லியே" என்றாள்.

ஜார்ஜியானா

லண்டன்
மே 30

என் அன்பே,

நேற்று வந்து சேர்ந்தேன். உன் கடிதத்தைப் படித்துத் துடித்துப்போனேன். கடவுள் சித்தம் என்றுதான் தேற்றிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என் பெயரில் ஏதாவது அனுப்பு.

கணவாயைத் தாண்டியதற்காக வரும் வாரம் புவியியல் ஆய்வாளர் சங்கத்தில் எனக்குப் பதக்கம் தருகிறார்கள், விருந்தும் உண்டு. பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு வா. நீ பக்கத்தில் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. நாலு பேர் கேட்பார்கள்.

உன் ஹியூபர்ட்

போர்த்வெரன்
ஜூன் 3

ஹியூபர்ட்டுக்கு,

நாலு பேர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நான் வரவில்லை.

உங்களை எதிர்த்துத் தோற்ற திரு. நான்ஸ்கிவெலை நேற்று தேநீருக்கு அழைத்தேன். நம் மேசையில் அவரைக் கண்டதும் உங்கள் அம்மா மாடிக்குப் போய்விட்டார். நான்ஸ்கிவெலிடம் ஒன்றுதான் கேட்டேன்: "ஜெயிச்சா ஊர்லயே இருப்பீங்களா?" மனிதர் திகைத்து, "எனக்குக் கப்பல் ஏறினாலே வாந்தி வரும், லேடி" என்றார். எனக்கு அது போதும். அடுத்த தேர்தலில் அவருக்காக நான் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்கப்போகிறேன். பிறர் சொல்லி நீங்கள் அறிய வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் உங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி உங்கள் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

கெஸையாவுக்கு உங்கள் பெயரில் எதையும் அனுப்ப மாட்டேன். விருந்து முடிந்ததும் ரயில் ஏறி வாருங்கள். நிலையத்துக்கு வண்டி வராது, நடந்து வாருங்கள். வீட்டுக்கு வருமுன் அவள் கதவைத் தட்டுங்கள். நான் கூட வர மாட்டேன், என்ன பேச வேண்டும் என்று எழுதியும் தர மாட்டேன்.

ஜார்ஜியானா டால்மெய்ன்