புழு தொடாத பலகை

1954 பிப்ரவரி 12, வெள்ளி

படகு மரத்தை அரிக்கும் கடல்புழு, நான் மருந்து பூசி இறக்கிய பலகைகளை இரண்டு முறையும் சல்லடையாக்கிவிட்டது. இந்த முறையும் தோற்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாக எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் சொல்லியிருந்தார்.

இன்று துறைமுகத்தில் மூன்றாவது பலகையைத் தூக்கினோம். மேலெல்லாம் சிப்பி அப்பியிருந்தது. உள்ளே புழு துளைத்திருக்கிறதா என்று வெளியே தெரியவில்லை. படகுக்காரர் அந்தோணி கோடரியால் ஒரே போடாகப் பிளந்தார்.

"இன்னாம்மா இது! ஒரு ஓட்ட கூட இல்லியே. என் படகுக்கும் இத்த பூசிக் குடும்மா!" என்று கத்தினார்.

ஈரப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"நிறுத்த வேண்டாம்மா. அடுத்து எண்ணூர்ல போட்டுப் பாருங்க."

ராயபுரம் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எண்ணூர்த் தண்ணீரில் வேறு புழு இருக்குமோ? இருக்கட்டும். அதையும் ஒரு கை பார்க்கிறேன்.