ஈரத் துண்டுகள் சொன்ன கணக்கு

அன்புள்ள ஷிஹோ அக்காவுக்கு, குருமேயிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி ஷுன்பேய் எழுதுவது. முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு: அடியேனின் மேலுதட்டில் மூன்று மீசை முடிகள் முளைத்துவிட்டன, உலகத்தார் அறிக. இங்கே எங்கள் உடம்புக்குக் குறையில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா. அவளே எழுதியிருப்பாள், கோபத்தில் பேனாவை அழுத்தி இரண்டு தாளைக் கிழித்துவிட்டாள்.

போன வாரம் வரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மோப்பம் பிடித்தவன் நான்தான். நெற்றி நிறைய வரி, பை நிறைய வரி, பார்த்தாலே தெரியாதா, என் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது. நம் கடையில் கோழிக்கறி தின்றவர்களில் பாதிப் பேரைத்தான் அப்பா கணக்கில் காட்டியிருக்கிறார், மீதிப் பேர் பேய்கள் போலிருக்கிறது. உட்காருகிற ஒவ்வொருவருக்கும் கை துடைக்கச் சூடான ஈரத் துண்டு கொடுக்கிறோமே, பேய்களும் அதில் துடைத்திருக்கின்றன. துண்டுகளை வாடகைக்குத் தரும் குமகாய் மாமாவிடம் போய், எத்தனை அழுக்காகத் திரும்பின என்று கேட்டு வாங்கி, அப்பாவின் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கேட்டால் அவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்ததாக அவர்கள் நேராக உள்ளே போய், உறைபெட்டியில் கோழித் தோலுக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தார்கள். அதில்தான் கணக்கில் வராத பணம். யாரோ சொல்லாமல் அது தெரிய வாய்ப்பில்லை.

பின்கட்டு வரை வந்து துண்டு அடுக்குகிறவர் மாமா ஒருவர்தான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். துண்டுக் கூடையைத் தெருவில் வீசினார். தெரு முழுக்கப் போய்க் காட்டிக்கொடுத்தவன் என்று சொன்னார். நான்கு கடைகள் மாமாவிடம் துண்டு எடுப்பதை நிறுத்திவிட்டன. நீ பிறந்தபோது அம்மாவை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவர் தலை குனிந்து கூடையைப் பொறுக்கிக்கொண்டு போனார். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்:

"திருடுனது நீங்க, கெட்ட பேரு அந்த மனுஷனுக்கா? வரியும் அபராதமும் வண்டியை வித்தாவது கட்டலாம். அவரு பேரை எதை வித்துக் கட்டுவீங்க?"

அப்பா அடுப்பில் கோழியைத் திருப்பிப் போட்டார். அவர் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான். நீ உடனே போனில் கூப்பிட்டு, குமகாய் மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கும்படி அவரிடம் சொல்ல வேண்டுமாம். அபராதத்துக்கென்று நீ ஒரு யென் அனுப்பினாலும் அம்மா திருப்பி அனுப்புவாளாம். ஈரத் தலையோடு படுக்காதே. நீ நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும், கூப்பிட மறக்காதே. உன் அம்மா, கையெழுத்து மட்டும் ஷுன்பேயுடையது.

இனி வருவது அம்மா சொன்னதில்லை. போன மாதம் குல்லாய் போட்ட ஒருவர் தனியாக வந்து நான் துண்டு சுற்றும் வேகத்தைப் பாராட்டினார், கூட்டம் தாங்குமா தம்பி என்றார். நான் பூரித்துப்போய், "ஒரு கல்லாப்பெட்டி எங்க பத்துதுண்ணே, எட்டு மணிக்கு மேல வர்றதெல்லாம் உறைபெட்டி டப்பாவுக்குத்தான்" என்றேன். போன வாரம் வந்த இருவரில் ஒருவர் அவர்தான். டப்பாவைத் தூக்கியபோது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதுவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை அக்கா. எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டு என்கிறாள் அம்மா. அப்பாவும் வந்து உட்கார்ந்திருக்கிறார். இதையும் சேர்த்தே வாசிக்கப் போகிறேன்.