கறிவேப்பிலை பதிந்த துவக்கு

இஞ்சாருங்கோ,

நான் ஷிப்டுக்குப் போறன். சோறும் கோழிக்கறியும் அடுப்பில இருக்கு. கறியில கறிவேப்பிலை இல்லை. குளிருக்குப் பொத்திப் பொத்தி வளர்த்த செடியை மொட்டையாக்கி, இலையளைப் புறா சுடுற துவக்கின்ர பிடியில ஒட்டி, இலை அச்சு விழ மேல பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறியள். புறாவின்ர கண்ணுக்குத் தெரியக்கூடாதாம், செலவும் இல்லையாம். ரோட்டில கிடக்கிற இலை ஆகாதோ?

பின்னேரம் துவக்கு லைசென்ஸ் பாக்கப் பொலிஸ் வருது. துவக்குப் பூட்டிவைக்கிற இரும்பு அலுமாரியின்ர திறப்பு உங்களிட்டத்தானே, நேரத்துக்கு வந்து நில்லுங்கோ. ஷெட்டில காயுற பிடியையும் எடுத்து உள்ள வையுங்கோ. நான் தொடமாட்டன்.

ராத்திரி ஏன் கத்தினனான் எண்டு கேட்டியள். செடிக்காக இல்லை. ஷெட்டைத் திறக்க, பிடியில நீங்கள் அடிச்ச அந்தப் பச்சையும் மண்ணிறமும் கண்ணில பட்டுது. அந்த நிற உடுப்போட வந்தவங்கள்தான் எங்கட அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். உங்களுக்கு அது தெரியும். பெயின்ற் அடிக்கேக்க மறந்துபோனியள்.

வதனி

செடியில ஒரு கொப்பு மிஞ்சியிருக்கு. தொடாதேங்கோ.

சான்ட்பேப்பர் வாங்கி மேசையில வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை ரெண்டுபேருமாய்ப் பிடியைத் தேய்ப்பம். மரம் தெரியுமட்டும் நிப்பாட்டக்கூடாது.