ஈரக்காட்டில் வெட்டிய வாய்க்கால்

வில்பட்டி,
மாசி 20

அன்பு மகள் புவனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தமானில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாயா? எனக்கு மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மூணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட நம் ஓடையைப் பற்றி எழுதி அனுப்பக் கேட்டாயே, அதை எழுத உட்கார்ந்துதான் மாட்டிக்கொண்டேன். ஓடை பாறையில் பிறக்கிறது என்று முதல் வரி எழுதினேன். பொய்யாகப் பட்டது, அடித்துவிட்டேன். பிறகு இப்படி எழுதினேன். பிள்ளைகளே, சோலைக்குள் பெய்கிற மழை, புல்லில் பெய்கிற மழை, எங்கள் தோட்டத்தில் பெய்கிற மழை எல்லாம் சரிவைப் பார்த்து ஒரே பள்ளத்துக்குத்தான் வந்து சேரும், அந்தச் சரிவு அத்தனையும் சேர்ந்ததுதான் ஓடையின் வீடு. மழை நின்ற பிறகும் சித்திரை வரைக்கும் ஓடை எப்படி ஓடுகிறது? மேலே ஈரக்காடு என்று ஒரு சதுப்பு இருக்கிறது, மிதித்தால் முழங்கால் வரை இறங்கும். நனைந்த கோணிச்சாக்கு மாதிரி அது மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். இதை எழுதியதும் அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.

அந்த ஈரக்காடுதானே உன் பேரில் எழுதி வைத்த மேல் தோட்டம். போன வருஷம் அங்கே பூண்டு போட்டோம், வேரில் தண்ணீர் நின்றால் பூண்டு அழுகிவிடும் என்று வாய்க்கால் வெட்டி வடியவிடச் சொன்னது நான்தான். அப்பா தயங்கினார், நான்தான் விடவில்லை. இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டினோம், பூண்டும் நன்றாகத்தான் விளைந்தது. இந்த வருஷம் தை பிறக்கும்போதே ஓடை நின்றுவிட்டது. கீழே உன் சித்தப்பா பொன்னுவேல் தோட்டத்தில் கேரட் காய்ந்து கிடக்கிறது, சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக் குழாய்க்கு அலைகிறாள். பக்கத்துல காட்டேஜ் கட்டினவன் போர் போட்டுத் தண்ணிய உறிஞ்சிட்டான் மதினி, எங்க பொழப்பே போச்சு என்று வந்து புலம்பினார். பாவி, நானும் ஆமாம் போட்டேன்.

கோடை மழைக்குள் அந்த வாய்க்காலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தாக வேண்டும், திறந்து கிடந்தால் பெய்கிற மழையும் ஒரே நாளில் இறங்கிப் போய்விடும். அடைத்தாலும் பழையபடி ஊறுமா என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது. அடுப்புப் புகையில் விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்குகிறது, அடுத்த போகத்துக்கு அங்கேதான் ஊன்ற வேண்டும் என்று அப்பா நிற்கிறார். புள்ள பேருல கெடக்கிற நெலம், அவ சொல்லாம ஒரு கூடை மண்ணு தள்ள மாட்டேன் என்கிறார். கெஞ்சிப் பார்த்துவிட்டேன். தாயே, கடிதம் கிடைத்த அன்றே அவருக்குப் போன் பண்ணி அடைக்கச் சொல். பொன்னுவேலிடம் இன்று காலையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

பழனியாண்டவர் உன்னைக் கண்கலங்காமல் வைத்திருக்கட்டும். தெரியாத கடலில் இறங்காதே. மறக்காமல் இதைப் பிள்ளைகளுக்கு வாசி. வாய்க்கால் வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதே, வெட்டச் சொன்னது டீச்சரின் அம்மா என்றும் சேர்த்தே வாசி.

உன் அம்மா,
தங்கமுத்து