இரண்டு டிகிரி முன்னால்

இன்று காலை அந்த வேன் இஞ்சினைப் பிரித்தேன். மூன்றாவது பிஸ்டனின் தலை கருகி, ஓரம் பெயர்ந்திருந்தது. நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. இருந்தும் அதைத் துடைத்ததும் உன் மேஜைப் பக்கம் திரும்பி, "பாத்தியா, நான் சொன்னேனே!" என்று கத்தத்தான் வாயெடுத்தேன்.

நினைவிருக்கிறதா? சாமளாபுரத்திலிருந்து துணி ஏற்றும் டிரைவர் அண்ணன், லோடு ஏற்றினால் வண்டி இழுக்கவில்லை என்று புலம்பினார். நீ வண்டியில் லேப்டாப்பை மாட்டி, டீசல் பீச்சும் டைமிங்கை, இஞ்சின் சுழலும் கணக்கில் இரண்டு டிகிரி முன்னால் தள்ளினாய்.

"வேண்டாமப்பா. இத்தனை லோடுல சூடு தாங்காது, பிஸ்டன் போயிரும்" என்றேன்.

"ஏல, உனக்கு எதத் தொட்டாலும் பயந்தான். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு" என்று அவர் முன்னாலேயே உன் தூத்துக்குடிப் பேச்சில் சிரித்தாய்.

வண்டி நன்றாகத்தான் இழுத்தது. அவர் உனக்குத்தான் கை கொடுத்தார். நெருப்பெரிச்சல் ஊரில் பன்னிரண்டு வருடம் ஒரே பட்டறை நடத்திய நாம், அதன்பின் ஒரு வாரம் பேசவில்லை. உனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று உன் மனைவி சொன்னபோதும், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் நீ இல்லை.

பிறகு அந்த வேன் இரண்டு முறை ஆயில் மாற்ற வந்தது. இஞ்சின் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. லேப்டாப்பை மாட்டினேன். திரையில் நீ போட்ட எண். நீ கடைசியாக செட் பண்ணிய வண்டி அது. மாற்றக் கை வரவில்லை, மூடிவிட்டேன். என்ன மடத்தனம்!

மதியம் டிரைவர் அண்ணன் வந்தார். அவருக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான். பிஸ்டனைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இது எதனால ஆச்சு?"

"டைமிங் தப்புங்க."

"அவரு வெச்சதுதானுங்களே?"

ஆமாம் என்றால் முடிந்தது. நீயா வந்து மறுக்கப்போகிறாய்?

"அவன் வெச்சதுதானுங்க. தப்புன்னு தெரிஞ்சும் மாத்தாம உட்டது நானுங்க. என் பொறுப்புல சரி பண்ணித் தர்றேன்."

அவர் பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

இஞ்சின் பிரிந்து கிடக்கும்போதே பழைய எண்ணைத் திரும்பப் போட்டேன். ஐந்து நிமிட வேலை. அதற்கு ஏழு மாதம்.

கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீ இருந்திருந்தால் இன்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டிருப்போம். போட்டு முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.